கேள்வி கேட்ட அணு விஞ்ஞானி

ஏற்காடு சேர்வராயன் கோயிலைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. மாசி மாதத்தில் மூடுபனி விலகிய ஓர் இரவில் அந்த மலையிலிருந்து அண்ணாந்து பார்த்தால், சிவந்த திருவாதிரையும், அதற்குச் சற்றுத் தள்ளி நீலம் பாய்ந்த வெண்மையோடு ரைஜெல் என்னும் மீனும் தெளிவாகத் தெரியும். முன்னதன் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 கெல்வின். பின்னதன் வெப்பம் சுமார் 12,000 கெல்வின். எட்டாத தொலைவில் உள்ள மீன்களின் வெப்பத்தையும், அவற்றில் உள்ள தனிமங்களின் அளவையும், அவை அனுப்பும் ஒளியை மட்டும் கொண்டு கணிக்கலாம் என்பதற்கு அடிப்படை வகுத்தவர் ஓர் இந்தியர். வங்காள கிராமம் ஒன்றின் மளிகைக் கடைக்காரருடைய மகன். அவர் பெயர் மேகநாத் சாஹா.

எங்கள் கல்லூரி நாள்களில் இயற்பியல் மாணவர்களின் கையில் 'சாஹா-ஸ்ரீவஸ்தவா' என்று அழைக்கப்பட்ட தடித்த வெப்பவியல் பாடநூல் இருக்கும். பொருளியல் படித்த எங்களுக்கு அவர் அறிமுகமானது வேறு வழியில்: இந்தியத் திட்டமிடலின் வரலாற்றைப் படிக்கும்போது தேசியத் திட்டக் குழுவின் உறுப்பினர் பட்டியலில் அந்தப் பெயர் வரும். இரண்டும் ஒருவரே என்று உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அவர் வாழ்க்கையில் இவ்விரண்டையும்விடக் கூடுதலாகப் பேசப்பட வேண்டிய மூன்றாவது பகுதி ஒன்று உண்டு என்பதை உணர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. இந்தியாவில் அணு இயற்பியலுக்குக் கல்விக்கூடம் கட்டிய அந்த மனிதரே, அணு ஆற்றல் துறை மக்கள் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்ட முதல்வர்களுள் ஒருவர். வீடிழந்து வந்தவர்களுக்காக வாதாடியவரும் அவரே.

அணு இயற்பியலாளர் ஒருவர் மனித உரிமைக்காகப் போராடினார் என்றால் உலகுக்கு நினைவில் எழுவது சோவியத் நாட்டின் ஆந்திரேய் சகரோவ். ஹைட்ரஜன் குண்டை ஆக்கித் தந்த அவர், பிறகு தம் அரசை எதிர்த்துப் பேசி, 1975-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்று, 1980 முதல் 1986 வரை கோர்க்கி நகரில் காவலில் கிடந்தார். சாஹா குண்டு எதையும் செய்தவரல்லர். சிறையிலோ நாடுகடத்தலிலோ வாடியவருமல்லர். மனித உரிமைப் போராளி என்ற சொற்றொடரும் அன்று நம் நாட்டில் புழக்கத்தில் இல்லை. ஆயினும் ஜனநாயகத்துக்குள் இருந்துகொண்டு, தாம் பெரிதும் நேசித்த அறிவியலின் பெயரால் எழும் அதிகாரத்தைக் கேள்வி கேட்பது எளிய காரியம் அன்று. நண்பர்களை இழக்க நேரும். பதவிகள் வேறொருவருக்குப் போகும். சாஹாவுக்கு இரண்டும் நேர்ந்தன.

அவர் 1893 அக்டோபர் 6 அன்று டாக்கா மாவட்டத்தின் சியோரதலி கிராமத்தில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஐந்தாமவர். புயலும் இடியுமாக இருந்த வேளையில் பிறந்ததால் இந்திரனைக் குறிக்கும் மேகநாத என்ற பெயரை வைத்தார்கள் என்றும், பின்னாளில் அவரே அதை, இந்திரனை வென்ற இராவணன் மகன் மேகநாதனின் பெயராக மாற்றிக்கொண்டார் என்றும் சொல்வதுண்டு. கம்பராமாயணம் அறிந்த நமக்கு அந்த மாற்றத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தந்தை ஜகந்நாத் சாஹா சிறு கடை வைத்திருந்தார். பிள்ளைகள் ஓரளவு எழுதப் படிக்கக் கற்றதும் கடைக்கு வந்துவிட வேண்டும் என்பதே குடும்ப நிலை. ஊர்ப் பள்ளியோடு நின்றிருக்க வேண்டிய படிப்பு தொடர்ந்ததற்குக் காரணம், நடுநிலைப் பள்ளி இருந்த சிமுலியா ஊரின் மருத்துவர் அனந்த குமார் தாஸ். அவர் தம் வீட்டில் சிறுவனுக்கு இடமும் உணவும் தந்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும், வீட்டுப் பசுவைக் கவனிக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். சாதி பேணிய வீட்டில், எச்சில் தட்டை வீட்டார் தொடமாட்டார்கள் என்பதே முதல் நிபந்தனையின் பொருள். அந்த மருத்துவரின் உதவியைச் சாஹா வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைத்தார். உதவியும் இழிவும் ஒரே கையிலிருந்து வருவது நம் சமூகத்தில் புதிதல்ல.

கல்வி உதவித்தொகையோடு 1905-இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு அது. கிழக்கு வங்கத்தின் துணை ஆளுநர் பாம்ஃபைல்டு ஃபுல்லர் பள்ளிக்கு வந்தபோது நடந்த மாணவர் புறக்கணிப்பில் பங்கேற்றதற்காகப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். உதவித்தொகையும் போயிற்று. தனியார் பள்ளியொன்று சேர்த்துக்கொண்டது. சணல் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த அண்ணன் தம் சிறு சம்பளத்தில் ஒரு பகுதியை அனுப்பிவந்தார். 1909-இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களுள் முதலிடம் பெற்றார்.

கல்கத்தாவின் மாநிலக் கல்லூரிக்கு அவர் 1911-இல் வந்து சேர்ந்தபோது அங்கே கற்பித்தவர்கள் ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும். உடன் படித்தவர் சத்யேந்திர நாத் போஸ். ஓராண்டு மூத்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இந்திய அறிவியலின் பொற்காலம் என்று இன்று நாம் எழுதும் அந்தச் சூழலில்தான், ஈடன் இந்து விடுதியில் சில மாணவர்கள் சாஹாவோடு ஒரே உணவுக்கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தார்கள். சரஸ்வதி பூசையிலும் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. கலைமகளின் பூசையில், அதுவும் ஒரு கல்லூரி விடுதியில், பரிசு பெற்ற மாணவனுக்கு இடமில்லை. பின்னர் அவர் அந்த விடுதியை விட்டு வெளியேறினார்.

1915-இல் முதுகலைத் தேர்வில் சத்யேந்திர போஸ் முதலிடமும் சாஹா இரண்டாமிடமும் பெற்றனர். புரட்சியாளர்களோடு தொடர்பு உண்டு என்ற ஐயத்தால், அரசின் நிதிப் பணித் தேர்வை எழுதச் சாஹாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நல்ல சம்பளமும் பாதுகாப்பும் உள்ள வேலை அது. ஏழைக் குடும்பத்துக்கு அதன் இழப்பு பேரிழப்பு. காலனி அரசு தன்னை அறியாமல் இந்திய அறிவியலுக்குச் செய்த நன்மைகளில் அந்த மறுப்பையும் சேர்க்கலாம். துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி புதிதாகத் தொடங்கிய அறிவியல் கல்லூரியில் போஸையும் சாஹாவையும் விரிவுரையாளர்களாக அமர்த்தினார். ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே அப்போது இல்லை. இருவரும் ஜெர்மன் கற்று, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1920-இல் அது நூலாயிற்று.

அதே 1920-இல்தான் சூரியனின் நிறமண்டலத்தில் அணுக்கள் அயனியாவது பற்றிய சாஹாவின் கட்டுரை இங்கிலாந்தின் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வெளிவந்தது. அதுவரை வானியலாளர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. விண்மீன்களின் நிறமாலையில் காணும் கருங்கோடுகள் மீனுக்கு மீன் வேறுபட்டன. ஒரு மீனில் கால்சியத்தின் கோடுகள் ஓங்கியிருக்கும், மற்றொன்றில் ஹைட்ரஜன், வேறொன்றில் ஹீலியம். அவை வெவ்வேறு பொருள்களால் ஆனவையோ என்ற ஐயம் நியாயமாகவே எழுந்தது. சாஹா காட்டியது, வேறுபாட்டின் பெரும்பகுதி பொருளில் இல்லை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இருக்கிறது என்பதை. வெப்பம் ஏற ஏற அணு தன் எலக்ட்ரானை இழக்கிறது; எலக்ட்ரானை இழந்த அணு வேறு கோடுகளைக் காட்டுகிறது. இந்த வெப்பத்தில், இந்த அழுத்தத்தில், இத்தனை பங்கு அணுக்கள் அயனியாகியிருக்கும் என்று சொல்லும் சமன்பாட்டை அவர் தந்தார். அதைக் கையாண்டுதான் சிசிலியா பெய்ன் 1925-இல், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார்.

லண்டனில் ஃபவுலரின் ஆய்வுக்கூடத்திலும் பெர்லினில் நெர்ன்ஸ்டின் ஆய்வுக்கூடத்திலும் சிறிது காலம் பணியாற்றித் திரும்பினார். 1923 முதல் 15 ஆண்டுகள் அலகாபாத்தில் பேராசிரியர். 1927-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; அவருடைய அரசியல் தொடர்புகள் பற்றிக் காவல் துறை வைத்திருந்த குறிப்புகள் அப்போதும் வழியில் குறுக்கிட்டன. நோபல் பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை.

இதே நிலையில் வேறொருவராக இருந்தால் எஞ்சிய வாழ்நாளைப் பெருமையோடு கழித்திருப்பார். சாஹாவோ 1930-களின் நடுவிலிருந்து ஆய்வை விட்டு மெல்ல மெல்லப் பொதுவாழ்வின் பக்கம் நகர்ந்தார். அறிவியலாளர்கள் சிலருக்கு இன்றும் இதில் வருத்தம் உண்டு. 1922-இல் வட வங்கத்தை வெள்ளம் அழித்தபோது, தம் ஆசிரியர் பிரபுல்ல சந்திர ராயின் நிவாரணப் பணியில் அவர் உழைத்திருந்தார். வெள்ளம் ஆண்டவன் செயல் அன்று, ஆற்றைக் கற்காததன் விளைவு என்ற எண்ணம் அப்போது வேரூன்றியிருக்க வேண்டும். 1935-இல் 'சயின்ஸ் அண்டு கல்ச்சர்' என்ற இதழைத் தொடங்கி, ஆறுகள், மின்சாரம், தொழில், கல்வி என்று எழுதித் தள்ளினார். 1938-இல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் தேசியத் திட்டக் குழுவை அமைத்ததன் பின்னே சாஹாவின் வற்புறுத்தல் இருந்தது. அக்குழுவுக்கு விசுவேசுவரய்யா தலைவராவார் என்றிருந்த நிலையில், அரசியல் வலிமை கொண்ட ஒருவர் தலைமை ஏற்றால்தான் திட்டம் காகிதத்தோடு நிற்காது என்று வாதிட்டு, சாந்திநிகேதன் வரை சென்று தாகூரின் துணையையும் நாடி, ஜவாஹர்லால் நேருவைத் தலைவராக்க முயன்று வென்றவரும் அவரே. பிற்காலத்தில் நேருவின் அரசை அவர் எதிர்த்ததை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அதே குழுவில் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் இருந்தார். கிராமத் தொழில்களின் குரலாக வந்த அவர், குழு பெருந்தொழில் பக்கம் சாய்வதைக் கண்டு விலகினார். சாஹாவுக்கு இராட்டைப் பொருளாதாரத்தில் சிறிதும் நம்பிக்கை இல்லை. பசியும் நோயும் தீர மின்சாரமும் எஃகும் வேண்டும் என்பது அவர் கட்சி. 1943-இல் தாமோதர் ஆறு கரை உடைத்துக் கல்கத்தாவின் சாலை, ரயில் தொடர்பைத் துண்டித்தபோது, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கைப் போல அந்த ஆற்றையும் முழுமையாகத் திட்டமிட வேண்டும் என்று எழுதினார். விசாரணைக் குழுவிலும் பணியாற்றினார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டமாயிற்று.

இங்கே எனக்கு அவரிடம் ஒரு மனக்குறை உண்டு. அணைகளுக்காக நிலம் இழந்த சந்தால் குடிகளின் கணக்கு அன்றைய திட்டங்களில் எங்கும் சரியாக எழுதப்படவில்லை. வெள்ளத்தில் மூழ்கியவர்களைக் கண்ட அதே கண்கள் நீர்த்தேக்கத்தில் மூழ்கப்போகிறவர்களை அவ்வளவு கூர்மையாகக் காணவில்லை. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் பல ஆண்டுகள் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு அதனால் வந்த வளம் எவ்வளவு என்று கேட்டால் இன்றும் நேரான பதில் கிடைப்பதில்லை. குமரப்பா கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. சாஹா கேட்டிருக்க வேண்டிய கேள்வியும்கூட.

1938-இல் அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அந்த ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் யுரேனிய அணு பிளக்கப்பட்டது. அதன் பொருளை இந்தியாவில் முதலில் உணர்ந்தவர்களுள் சாஹா ஒருவர். 1940-இல் முதுகலைப் பாடத்திட்டத்தில் அணுக்கரு இயற்பியலைச் சேர்த்தார். மாணவர் நாக் சௌத்ரியை கலிபோர்னியாவில் லாரன்ஸிடம் அனுப்பி, சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கியைக் கட்டும் கலையைக் கற்கச் செய்தார். நேருவின் துணையோடு டாடா அறக்கட்டளையின் நிதி கிடைத்தது. காந்தத்தின் பாகங்கள் வந்து சேர்ந்தன. வெற்றிடக் கருவிகளோடு வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. கருவி இயங்க ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. ஆயினும் அவர் சோரவில்லை. 1950 ஜனவரி 11 அன்று கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிலையத்தை மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்தார்.

இதற்குள் நாடு விடுதலை பெற்றிருந்தது. 1948-இல் அணு ஆற்றல் சட்டம் அரசியல் நிர்ணய சபையின் முன் வந்தது. அணு தொடர்பான கனிமங்கள், ஆய்வுகள், தகவல்கள் அனைத்தையும் அரசின் கைக்குள்ளும் இரகசியத்தின் திரைக்குள்ளும் கொண்டுவந்த சட்டம் அது. போர்ப் பயன்பாட்டுக்கு மட்டுமே இரகசியம் என்று வைத்துக்கொள்ளும் பிரிட்டனைப் போல நாமும் செய்யலாகாதா என்று மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி ராவ் கேட்டார். இரண்டையும் பிரித்துக் காண்பது கடினம் என்ற பொருளில் நேரு பதிலளித்தார். ஆகஸ்டில் அணு ஆற்றல் ஆணையம் அமைந்தது. ஹோமி பாபா தலைவர். பட்நாகரும், நம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் உறுப்பினர்கள். சாஹா அதில் இல்லை. அதே 1948-இன் டிசம்பரில்தான் மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் பாரிஸில் நிறைவேறியது. அதன் முதல் விதியில் ஆண்களை மட்டும் குறிப்பதாகப் படிக்கத்தக்க சொல்லை மாற்றி மனிதர் அனைவரையும் குறிக்கச் செய்தவர் நம் நாட்டின் ஹன்சா மேத்தா. ஒரே ஆண்டில் உலக அரங்கில் அத்தனை விரிந்த மனத்தோடும், உள்நாட்டில் இத்தனை மூடிய கையோடும் நாம் நடந்துகொண்டோம்.

சாஹாவின் எதிர்ப்புக்குச் சொந்தக் கசப்பு காரணம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சிலர் எழுதுகிறார்கள். பாபாவுக்கும் அவருக்கும் இணக்கம் இல்லை என்பது உண்மை. பம்பாயின் செல்வக் குடியில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர் பாபா. பிரதமரோடு நேரில் பேசும் நெருக்கம் உடையவர். எச்சில் தட்டைக் கழுவிப் படித்தவருக்கு அந்த வாசல் அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. கசப்பு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வாதத்தின் மதிப்பை, அதைச் சொன்னவரின் மனநிலையை வைத்து அளப்பது முறையாகாது. சாஹா சொன்னது இதுதான்: ஆள்களையும் ஆலைகளையும் ஆயத்தம் செய்யாமல் ஆணையத்தை மட்டும் அமைப்பதில் பயனில்லை, பல்கலைக்கழகங்களை ஒதுக்கிவிட்டு அறிவியல் வளராது, இரகசியம் விஞ்ஞானிகளுக்குள் உரையாடலைக் கொல்லும், பொதுமக்களைக் கேள்வி கேட்க இயலாதவர்களாக்கும்.

வெளியில் இருந்து எழுதிப் பயனில்லை என்று கண்டவர், முதல் பொதுத் தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக நின்றார். தேர்தல் செலவுக்குப் பணமில்லை. தம் வெப்பவியல் நூலின் பதிப்பாளரிடம் முன்பணம் கேட்டு எழுதினார். காங்கிரஸ் வேட்பாளரை வென்று 1952-இல் மக்களவைக்குள் நுழைந்தார். பாடநூல் வருவாயில் தேர்தலில் நின்று வென்றவர்கள் நம் நாடாளுமன்ற வரலாற்றில் வேறு யாரேனும் உண்டா என்று எனக்குத் தோன்றும்.

மக்களவையில் அவர் விடாது எழுப்பியவற்றுள் முதன்மையானது கிழக்கு வங்க அகதிகளின் நிலை. அவர் பிறந்த ஊர் இப்போது வேறொரு நாடு. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி மேற்கு வங்கத்தில் மட்டும் சுமார் 21 லட்சம் பேர் எல்லை தாண்டி வந்தவர்கள். பஞ்சாபில் இடப்பெயர்வு பெரும்பாலும் ஒரே வீச்சில், இருபுறமும் நடந்து முடிந்தது. வெளியேறியவர்கள் விட்டுச்சென்ற நிலமும் வீடும் வந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. வங்கத்தில் அப்படியில்லை. அலை அலையாக ஆண்டுக்கணக்கில் மக்கள் வந்தார்கள். அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கையில் மத்திய அரசு முகாமும் படியும் தந்ததே தவிர, வாழ்வு தரவில்லை. 1950-இன் நேரு-லியாகத் ஒப்பந்தமும் அந்த நம்பிக்கையில் பிறந்ததே. சியால்டா ரயில் நிலைய நடைமேடைகளில் குடும்பங்கள் சமைத்து உண்டு உறங்கின. தென் கல்கத்தாவில் தரிசாகக் கிடந்த நிலங்களில் அவர்களே குடிசை கட்டிக் குடியேறினார்கள். அவர்களை வெளியேற்ற மாநில அரசு கொண்டுவந்த சட்டம், கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1951-இல் மறுவாழ்வையும் சேர்த்துக்கொண்ட வடிவில்தான் நிறைவேற முடிந்தது.

அகதிகளின் நிவாரணப் பணிகளில் நேரடியாக உழைத்த சாஹா, நாடாளுமன்றத்தில் அவர்களைக் கருணைக்குரியவர்களாக அல்லாமல் குடிமக்களாக முன்வைத்தார். தொழிலும் கல்வியும் நிலமும் சேர்ந்த திட்டமாக மறுவாழ்வு அமைய வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு திட்டவியலாளரின் மொழியில் பேசினார். ஆதலால் அதில் கண்ணீர் குறைவு, கணக்கு அதிகம். தமிழ்நாட்டில் 1983 முதல் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களை நினைத்துப் பார்த்தால் அந்த வாதத்தின் கனம் நமக்குப் புரியும். அகதி முகாம் என்ற பெயரை நம் மாநில அரசு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, நல்ல மாற்றமே. அங்கேயே பிறந்து வளர்ந்து பட்டம் பெற்ற பிள்ளைகளின் குடியுரிமைக் கேள்வி மட்டும் பெயர்ப்பலகைக்குக் கீழே அப்படியே நிற்கிறது.

1954 மே 10 அன்று மக்களவையில் அணு ஆற்றலின் அமைதிப் பயன்கள் பற்றிய விவாதத்தைச் சாஹா தொடங்கிவைத்தார். இரகசிய விதிகளைத் தளர்த்த வேண்டும். ஆணையத்தில் இன்னும் பல அறிவியலாளர்களுக்கு இடம் வேண்டும். செலவும் பணியும் அவையின் முன் வைக்கப்பட வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவையில் அணுவின் உட்கருவைப் பற்றி அறிந்து பேசக்கூடியவர் அவர் ஒருவரே. அதனால் அவர் சொன்னதை மறுப்பது அரசுக்குக் கடினமாக இருந்தது. ஏற்பதும் நடக்கவில்லை. ஆகஸ்டில் அணு ஆற்றல் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் தனித் துறையாயிற்று. 1948-இன் சட்டத்துக்குப் பதிலாக 1962-இல் வந்த சட்டமும் இரகசிய அதிகாரத்தைக் கைவிடவில்லை.

இது கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே நடந்த பழைய வழக்கு என்று நாம் ஒதுக்க முடியாது. கல்பாக்கமும் கூடங்குளமும் நம் கடற்கரையில் இருக்கின்றன. 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகளில் பல, சாஹா அவையில் கேட்டவற்றின் வழிவந்தவையே: ஆய்வறிக்கையை யார் பார்த்தார்கள், யார் சரிபார்த்தார்கள், எங்களுக்கு ஏன் காட்டவில்லை? பாதுகாப்பு ஆய்வறிக்கைக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே போராட வேண்டியிருந்தது. மீனவர்கள் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. தேசத்துரோகப் பிரிவும் அவற்றில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் ஆலை இயங்க அனுமதித்தபோது, இயல்புநிலை திரும்ப அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் கூறியது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் கற்றோரிடையே இரு கட்சி உண்டு. சாஹா வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர். வேண்டும் என்று நினைத்தவரே கேட்கும் உரிமைக்கும் வாதாடினார் என்பதைத்தான் நம் விவாதங்களில் இரு தரப்பும் மறந்துவிடுகின்றன.

கடைசி ஆண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட மற்றொரு பணி நாள்காட்டிச் சீர்திருத்தம். நாட்டில் சுமார் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் புழங்கின. 1952-இல் அமைந்த குழுவுக்குச் சாஹா தலைவர். சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு, பருவங்களை ஆளும் உண்மையான ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளமானது. ஆண்டுக்கு 24 நிமிடம் சிறிதுதான். 1,400 ஆண்டுகளில் அது 23 நாள்களாகப் பெருகிவிட்டது. பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி மார்ச் 22-இல் வர வேண்டிய நம் சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14-இல் வருவதன் காரணம் அதுவே. இதைச் சொன்னதற்காக வைதிகர்கள் அவரைக் கடிந்தார்கள். 1955-இல் குழு தன் அறிக்கையைத் தந்தது.

அவர் மறைந்ததும் ஒரு மாசி மாதத்தில்தான். 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில், குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தில் இருந்த திட்டக் குழு அலுவலகத்தை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தபோது மாரடைப்பால் விழுந்தார். வயது 62. ஐரீன் கியூரி திறந்துவைத்த நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் குழு வகுத்த தேசிய நாள்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசிதழின் தலைப்பில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் சக ஆண்டுத் தேதி ஒன்று இன்றும் அச்சாகிறது. அதைக் கவனித்துப் படிப்பவர்கள் மிகச் சிலரே.